பட்டாணியின் இடப்பக்கம்

"பயப்படாதீங்க சார்... எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்கிறாளோ, அவளுக்கே கணக்கில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடிக்கிறவள் வருகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்லத்தான் வேண்டும். தனக்கென்று மட்டும் அவள் ஒரு துளிகூட மிச்சம் வைத்துக்கொள்வதில்லை.

நாற்காலியில் இருந்தவன் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். கதவில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்த ஆள். மஞ்சள் வேலைச்சட்டை. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கிரேன் ஆபரேட்டர்' என்று போட்டிருந்தது. உள்ளங்கை இரண்டும் வேர்த்து நனைந்திருந்தன.

"வானத்துல உட்கார்ந்து வேலை பார்க்கிறவரு... இத்தனூண்டு ஊசிக்கா இப்படி?"

"மேல இருந்து பார்த்தா எல்லாமே சின்னதா தெரியும்ங்க... இங்க இது ஒண்ணுதான் ரொம்பப் பெரிசா தெரியுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முகக்கவசம் சிரிப்பை மறைத்தது, கண்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. அவன் அந்தக் கண்களைப் பார்த்தான். ராத்திரியெல்லாம் அழுதுவிட்டுக் காலையில் கழுவிக்கொண்டு வந்த கண்கள்... ஓரத்தில் இன்னும் சிவப்பு. சிரிக்கிற கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அவன் யோசிக்கத் தொடங்கினான். அந்த யோசனையிலேயே இருந்திருந்தால் ரத்தம் எடுத்து முடிந்திருக்கும். பாவம், கொஞ்சம் கீழே பார்த்துவிட்டான். ஊசி!

அவ்வளவுதான். சரிந்தான்.

தலை தரையில் மோதுவதற்குள் அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பதற்றத்தில் அவள் வாயிலிருந்து தானாகவே வந்தது: "இங்கதான்... இங்கதான் இருக்கேன்... இங்கதான்..."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அது மனிதர்களுக்குச் சொல்கிற வார்த்தை இல்லையே. அது பட்டாணிக்கு மட்டும் சொல்கிற வார்த்தை.

பட்டாணி ஒரு மட்டக்குதிரை. அவள் அப்பா இருந்தவரை பூங்காவில் குழந்தைகளை முதுகில் சுமந்து சுற்றி வந்தது. இப்போது அப்பா இல்லை. கொட்டகையோடு சேர்ந்த அந்த வாடகை வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் பார்த்திருப்பதோ மாடி வீடு. பானை சட்டியோடு மட்டக்குதிரையையும் படியேற்ற முடியுமா? விற்றுத்தான் ஆகவேண்டும்.

வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. பட்டாணிக்கு இடது கண் தெரியாது. ஒரு காய்ச்சலில் போன பார்வை. பார்த்தால் நல்ல கண் போலவேதான் இருக்கும். ஆனால் அந்தப் பக்கமாக யாராவது சத்தமில்லாமல் வந்து தொட்டால் போதும், பட்டாணி மிரண்டு பின்னங்காலால் உதைக்கும். அதனால்தான் இடப்பக்கம் போகும்போதெல்லாம் அவள் பேசிக்கொண்டே போவாள். 'இங்கதான்... இங்கதான் இருக்கேன்...' அந்தக் குரல் கேட்டால் பட்டாணி காதை மட்டும் திருப்பிக்கொண்டு சாதுவாக நிற்கும்.

கிரேன்காரன் கண் விழித்தான். டோக்கன் கொடுக்கிற ஆன்ட்டி சர்க்கரை கரைத்த தண்ணீரோடு ஓடி வந்தாள். "ஆளு மலை மாதிரி இருக்காரு... இப்படி மடங்கிட்டாரே!"

"ரத்தம் எடுத்தாச்சாங்க?" என்றான் அவன், ஈனக் குரலில்.

"எங்க எடுக்க விட்டீங்க? இன்னொரு நாள் வாங்க. யாரையாவது துணைக்குக் கூட்டிட்டு வாங்க."

அவன் வெட்கத்தோடு தண்ணீரைக் குடித்தான். குடிக்கும்போது எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தான். 'நல்ல குணமுள்ள மட்டக்குதிரை. விலை முக்கியமில்லை, வீடுதான் முக்கியம்.' கீழே விலாசம். டம்ளரை வைத்துவிட்டு அதை இரண்டாம் முறையும் படித்தான். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள், இதைக் கவனிக்கவில்லை.

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கொட்டகையில் அண்ணனோடு தரகர் நின்றுகொண்டிருந்தார். வாயில் ஒரு தீக்குச்சி. அதை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்குத் தள்ளியபடியே பட்டாணியின் வலப்பக்கம் நின்று முதுகை அமுக்கினார், தொடையைத் தட்டினார், விலாவைக் கிள்ளினார். பட்டாணியின் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"எடை எவ்வளவு தேறும்?"

அவள் பட்டாணிக்கு முன்னால் வந்து நின்றாள். "சவாரிக்குன்னுதானே சொன்னீங்க... எடை எதுக்கு?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தாம்மா." தீக்குச்சி மறுபக்கம் போனது. "நம்ம ஆளு வண்டியோட வந்துட்டே இருக்கான். இன்னிக்கே ஏத்திடலாம்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கெட்டவன் இல்லை அவள் அண்ணன். வீடு மாற்றுகிற கவலையில் முகம் வற்றிப்போய் இருந்தான். அவளைத் தனியே இழுத்துக் காதோடு சொன்னான்:

"வேற யாரும் வரலையேம்மா... வர்றவங்களும் கண்ணு விஷயம் தெரிஞ்சா திரும்பிப் போயிடுவாங்க. அதைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. புரியுதா?"

புரிந்தது. பட்டாணி அவள் துப்பட்டாவை மெல்ல மென்று பார்த்துக்கொண்டிருந்தது. 'எடை எவ்வளவு தேறும்'... அந்தக் கேள்வி காதுக்குள்ளேயே சுற்றியது. எங்கே கொண்டுபோகப் போகிறார்கள் இதை? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது.

வந்துவிட்டான்! அவள் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். லாரியிலிருந்து மஞ்சள் சட்டை இறங்கியது. கதவு உயர ஆள்... காலையில் விழுந்தானே, அவனேதான்!

"நீங்களா? காலையில என் கையில மயங்கி விழுந்துட்டு... சாயங்காலம் என் குழந்தையை அறுக்கக் கொண்டுபோக வந்திருக்கீங்களா?"

"அறுக்கவா?" அவன் ஓரடி பின்வாங்கினான். "ஏங்க... ஊசியைப் பார்த்தாலே விழுறவன்ங்க நான். நான் எதைப் போய் அறுக்கப் போறேன்?"

"நடிக்காதீங்க! திரும்பிப் போங்க!"

"சுவத்துல பேப்பர் ஒட்டினது நீங்கதானே? வீடு வேணும்னு எழுதியிருந்தீங்க. எங்கிட்ட வீடு இருக்குங்க... அதாவது, எங்க அக்காகிட்ட."

உள்ளேயிருந்து தரகரின் குரல் வந்தது. "யாருய்யா அது? நம்ம ஆளு இல்லையே!"

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. நல்லவேளை, அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலிலேயே நின்று, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையாகக் கடகடவென்று சொன்னான். அக்கா செடி வளர்த்து விற்கிறாள். மாமாவுக்குக் கப்பலில் வேலை. மாமா ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு குதிரைகளில் ஒன்று சமீபத்தில் செத்துவிட்டது. தனியாகிப்போன கிழட்டுக் குதிரை அன்றிலிருந்து தீனி எடுப்பதில்லை. துணைக்கு ஒன்று வேண்டும். அக்கா கால் வழுக்கி விழுந்து மாவுக்கட்டில் கிடப்பதால் இவனை அனுப்பியிருக்கிறாள்.

"முதுகுல ஏற வேண்டாம், சுமை தூக்க வேண்டாம்ங்க. சும்மா... கூட இருந்தா போதும்."

கூட இருந்தா போதும். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் வாசலை விட்டு விலகி வழி விட்டாள்.

"வாங்க... பார்க்கலாம்," என்றாள் மெதுவாக.

அவன் வந்தான். எங்கே வந்தான்? கொட்டகைக் கம்பத்தோடு கம்பமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"கிட்ட வந்து பாருங்களேன்."

"இங்க இருந்தே நல்லா தெரியுதுங்க."

"குதிரைன்னாலும் பயமா?"

"சின்ன வயசுல ஒண்ணு தோள்ல கடிச்சிருச்சு." அவன் எச்சில் விழுங்கினான். "இதுவும் எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொல்லிடாதீங்க..."

அந்தப் பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது முகக்கவசம் இல்லை. அவன் அந்தச் சிரிப்பை முழுதாகப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டான். பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு இடப்பக்கமாக ஓரடி எடுத்து வைத்தான்.

"அந்தப் பக்கம் வேண்டாம்!" அவள் பாய்ந்து குறுக்கே நின்றாள். "அங்க... சேறு. இப்படி வாங்க. வலது பக்கமா."

அங்கே சேறு இல்லை. காய்ந்த வைக்கோல்தான் கிடந்தது. அவன் வைக்கோலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சுற்றிக்கொண்டு வந்தான். பட்டாணி அவன் சட்டைப் பொத்தானை முகர்ந்து பெருமூச்சு விட்டது. அவனும் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டான். அவளோ இடப்பக்கத்தை விட்டு நகரவே இல்லை. கழுத்தைத் தடவியபடி, பழக்கதோஷத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். "இங்கதான்... இங்கதான் இருக்கேன்..."

அவன் தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கேட்டான்.

"இதைப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஏதாவது இருக்காங்க?"

சாதாரணக் கேள்விதான். கேட்டுவிட்டு அவன் காத்திருந்த விதம்தான் சாதாரணமாக இல்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் தோளுக்குப் பின்னால், வாசலில், தரகர் கயிற்றைக் கையில் சுற்றியபடி நின்றார். சொன்னால் இவன் போய்விடுவான். இவன் போனால்...

"இ... இல்ல. ஒண்ணும் இல்ல."

"சரிங்க," என்றான் அவன். அவன் கண்ணில் ஏதோ ஒன்று அணைந்த மாதிரி இருந்தது. வெளிச்சம் குறைந்ததால் அப்படித் தெரிகிறது என்று அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். "நாளைக்குக் காலையில வர்றேன். நீங்களும் கூட வாங்க, வீட்டைப் பாருங்க. பிடிச்சா மட்டும் கொடுங்க."

காலை வரை பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான்; தரகர் தீக்குச்சியைத் துப்பிவிட்டுப் போனார்.

*

வீடு பிடித்திருந்தது. பிடிக்காமல் போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வேலி போட்ட புல்வெளி, மழை ஒழுகாத கொட்டகை. எலும்பும் தோலுமாக நின்ற கிழட்டுக் குதிரை பட்டாணியை முகர்ந்து பார்த்தது. பிறகு தன் தலையைப் பட்டாணியின் கழுத்தின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. தாழ்வாரத்தில் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டியிருந்த அவன் அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"இந்தக் கிழவிக்கு இப்பதான் உயிர் வந்திருக்கு. டேய், அங்க என்னடா தூண் மாதிரி நிக்கிறே? போய்த் தண்ணி வையி!"

"வைக்கிறேன்க்கா... அதுங்க கொஞ்சம் நகரட்டும்."

அவள் சிரித்தபடி தாழ்வாரத்துப் படியில் கால் வைத்தாள். சிரிப்பு அங்கேயே உறைந்துபோனது.

படியில் ஒரு ஜோடிக் குட்டிச் செருப்பு. சிவப்பு நிறம், மேலே பூ ஒட்டியது.

"அக்கா... குழந்தை இருக்கா?"

"இருக்காளாவா? வாண்டு! ஸ்கூலுக்குப் போயிருக்கா. வந்ததும் பாரு, குதிரை காலடியிலயேதான் கிடப்பா." அக்கா அவளையே பார்த்தாள். "என்னம்மா, முகம் வெளுத்துப்போச்சு?"

சின்னப் பெண். சத்தமில்லாமல் ஓடி வருகிற வயசு. இடப்பக்கமாக வந்து கட்டிப்பிடித்தால்... பின்னங்கால்... கிரேன்காரன் தண்ணீர் வாளியோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்ல," என்றாள் மறுபடியும். "வேலைக்கு நேரமாச்சு. கிளம்புறேன்."

பட்டாணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் கால் நகராது என்று தெரியும்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. நாற்காலியில் ஒரு பெரியவர் கையை நீட்டியிருந்தார். அவளுக்கு நரம்பு கிடைக்கவில்லை. விரல் நடுங்கியது. பயப்படாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள்; குரல் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பெரியவரின் பேத்தி, சீருடையும் முதுகில் பையுமாக, "தாத்தா!" என்று உள்ளே ஓடி வந்தாள். பள்ளிக்கூடம் விட்டுவிட்டது.

'பட்டாணியைக் காப்பாத்த யாரோ பெத்த குழந்தையைப் பணயம் வெச்சிருக்கேனே... நானும் அந்தத் தரகரும் ஒண்ணுதானா?'

"ஆன்ட்டி, இவரைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க!" ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடினாள்.

"குடையாவது எடுத்துட்டுப் போடீ!"

பேருந்து ஊர்ந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு. அவளுக்குக் கண்ணை மூடினால் குட்டிச் செருப்பு, திறந்தால் மழை. சொன்னால் பட்டாணியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்ணன் தரகருக்குப் போன் போடுவான். தெரியும். தெரிந்துதான் போகிறாள். பட்டாணி, என்னை மன்னிச்சுடு... அழுகையும் மழையும் ஒன்றாக வழிந்தன.

இறங்கி ஓடினாள். வேலிக் கதவு திறந்து கிடந்தது. புல்வெளியில் குதிரைகள் இல்லை.

படியில் செருப்பும் இல்லை.

"அக்கா!" தாழ்வாரத்தில் இருந்தவளைப் பார்த்து ஓடியபடியே கத்தினாள். "பட்டாணிக்கு இடது கண் தெரியாது! மிரண்டா உதைக்கும்! நான் மறைச்சுட்டேன்... குழந்தை எங்க?"

"ஏய், நில்லும்மா... வழுக்கும்..." அக்கா சொன்ன மீதி மழையில் கரைந்துபோனது. அவள் கொட்டகையை நோக்கி ஓடினாள்.

வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

பட்டாணியின் இடப்பக்கத்தில், அதன் முதுகு உயரம்கூட இல்லாத ஒரு சின்னப் பெண், சிவப்புச் செருப்போடு நின்றிருந்தாள். பட்டாணியின் விலாவில் அவள் கை.

உதைக்கப் போகிறது... இதோ...

"இங்கதான்... இங்கதான் இருக்கேன்... இங்கதான்..."

அவள் தன் காதையே நம்பவில்லை. அது குழந்தையின் குரல்! ராகம் போட்டு, தடவிக்கொண்டே, விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பட்டாணி காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடி நின்றது.

"பேச்சை நிறுத்தக் கூடாது, சரியா வாண்டு?" கம்பத்துக்குப் பின்னாலிருந்து கிரேன்காரனின் குரல் வந்தது. முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டி, ஆனாலும் கை எட்டும் தூரத்தில் குழந்தைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். "மெதுவா பேசிட்டே வெளிய வா... அப்படித்தான்."

குழந்தை வெளியே வந்தது. அவளைப் பார்த்து, "மாமா, இந்த அக்கா ஏன் அழுறாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அம்மாவிடம் ஓடியது.

"உங்களுக்கு... தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்ங்க." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கட்டடத்துக்குப் பின்னாடி சுமை இறக்குறப்ப மேல இருக்கிற எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. கீழ ஒருத்தர் வாக்கி டாக்கியில பேசிட்டே இருப்பாரு. 'இறக்கு, இறக்கு'ன்னு விடாம சொல்லணும். அந்தக் குரல் நின்னா நானும் கையை நிறுத்திடணும். அதான் எங்க வேலையில சட்டம். நீங்க இந்தப் பக்கமே நின்னு பேசிட்டே இருந்தீங்களா... அப்பவே புரிஞ்சுது, இதுக்கு இந்தப் பக்கம் தெரியாதுன்னு. அக்காகிட்டயும் அன்னிக்கே சொல்லிட்டேன். கண்ணு தெரியலைன்னா என்ன, துணைக்குத்தானேன்னு சொல்லிட்டா."

ஓடி வந்த பயமெல்லாம் ஒரே நொடியில் கோபமாக மாறியது. "தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டீங்களா? என்னைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"சோதிக்கலைங்க... நீங்களே சொல்லுவீங்கன்னு..."

"நான் பொய் சொன்னேன். தப்புதான். ஆனா ராத்திரி பூரா கண்ணை மூடல. இப்ப அந்த பஸ்ல உட்கார்ந்து... ஒரு குழந்தை செத்துட்டான்னே நினைச்சுட்டேன்! தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் பட்டாணியின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இது நல்ல இடத்துக்கு வந்துடுச்சு. எனக்கு அது போதும். இனிமே நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

மழையில் இறங்கி நடந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிடும் என்று வேலிக் கதவு வரை காது வைத்துக்கொண்டுதான் போனாள். யாரும் கூப்பிடவில்லை.

*

மறுநாள் காலையில் டோக்கன் ஆன்ட்டி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் பல்.

"உன் மலை வந்திருக்கு. சர்க்கரைத் தண்ணி இப்பவே கலக்கிடவா?"

"என் மலையா? ஆன்ட்டி, சும்மா இருங்க!" சொல்லிவிட்டு முகக்கவசத்தை அவசரமாக மேலே இழுத்துக்கொண்டாள். வரமாட்டான் என்று பயந்தாள். வந்துவிட்டான் என்றதும் அதைவிடப் பயமாக இருந்தது.

அவன் குனிந்து நுழைந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

"துணைக்கு யாரையும் கூட்டிட்டு வரலையா?" என்றாள் விறைப்பாக.

"இல்லைங்க. துணை இங்கயே இருக்கும்னு நினைச்சேன்."

அவள் பஞ்சை நனைத்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"நேத்து நீங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல," என்றான் அவன். "விடிய விடிய யோசிச்சேன். ஒருத்தருக்குத் தெரியாத பக்கம் நிக்கிறப்ப குரல் கொடுக்காம இருக்கிறது எங்க வேலையில பெரிய தப்பு. வேலையை விட்டே தூக்கிடுவாங்க. நீங்க பயந்துட்டு இருந்தீங்க. நான் எல்லாம் தெரிஞ்சும் வாயை மூடிட்டு நின்னேன். வேலி கிட்ட போறப்பக்கூடக் கூப்பிடணும்னு நினைச்சேன்... பயம். குதிரைகிட்டக்கூட அவ்வளவு பயம் வரல."

அவள் கையிலிருந்த பஞ்சு காய்ந்துகொண்டிருந்தது.

"ஏன் கேட்டேன்னா... நீங்க என்னை நம்பிச் சொன்னா நல்லா இருக்குமேன்னு ஒரு ஆசை. அன்னிக்குக் காலையில மயக்கத்துல இருந்தப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. உங்க குரல் மட்டும்தான் கேட்டுச்சு. இங்கதான் இருக்கேன்னு. அது எனக்குச் சொன்னதுன்னு நினைச்சுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது பட்டாணிக்குச் சொல்றதுன்னு." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "பொறாமையா இருந்துச்சுங்க, ஒரு மட்டக்குதிரை மேல. இதான்... இதைச் சொல்லத்தான் வந்தேன். இனிமே நீங்க ஊசி குத்தலாம்."

அவள் புதிதாக ஒரு பஞ்சை எடுத்தாள்.

"கையை நீட்டுங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. கண்ணை மூடிக்கோங்க."

"பேசிட்டே இருங்க... ப்ளீஸ். நிறுத்திடாதீங்க."

அவன் கண்ணை இறுக மூடினான். நெற்றியில் வேர்வை அரும்பியது. திறந்திருக்கிற கண்ணைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு ஆயுசுக்கும் தைரியம் வராது. இது மூடிய கண். இப்போது விட்டால் எப்போது?

"இங்கதான்..." அவள் குரல் நடுங்கியது. கை மட்டும் நடுங்கவில்லை. நரம்பு உடனே கிடைத்தது. "இங்கதான் இருக்கேன்... பட்டாணியைப் பார்க்க வரமாட்டேன்னு சொன்னது சும்மா... வேலிக் கதவு வரைக்கும் நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்துட்டே போனேன்... இங்கதான் இருக்கேன்... அன்னிக்குச் சொன்னது பட்டாணிக்கு. இது பட்டாணிக்கு இல்ல... இது உங்களுக்கு... உங்களுக்கு மட்டும்தான்... இங்கதான் இருக்கேன்... இனிமேலும் இங்கதான்..."

அவன் மூடிய இமையோரம் ஈரமானது. அசையவில்லை, மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

"முடிஞ்சுதாங்க?" என்றான் கடைசியில், மிக மெதுவாக.

"எப்பவோ முடிஞ்சுது."

"அப்புறம் ஏன் இன்னும் பேசிட்டு இருக்கீங்க?"

ரத்தக் குழாய் தட்டில் பத்திரமாக இருந்தது. பஞ்சும் ஒட்டியாகிவிட்டது. அவள் கை மட்டும் இன்னும் அவன் கையை விடவில்லை.

"பயமா இருக்கு," என்றாள். "நான் நிறுத்தினா நீங்களும் நின்னுடுவீங்களோன்னு..."

அவன் கண்ணைத் திறந்தான். தட்டில் கிடந்த ஊசியை அவன் பார்க்கவே இல்லை.